அரங்கு வீட்டில் 13 துப்பாக்கிகள்: இது சேகரிப்பா, குவிப்பா?

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், மலையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 61 வயது, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று மாமனார் முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார், ‘12 போர்’ என்கிற குழல் அளவு. 2018-ல் மாமனார் காலமானார், துப்பாக்கி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்த கணவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தெரிந்தவர் ஒருவரிடம் ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கியை ‘பேப்பரை பெறவு மாத்திக்கிடலாம்’ என்ற பேச்சில் வாங்கினார். அப்புறம் பழைய இரும்புக் கடை, இடிக்கிற வீடு, பங்கு பிரிக்கிற வீடு என்று தேடித் தேடி, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி 7, ஏர் கன் 4 என்று சேர்த்துவிட்டார். இது போக ஒரு சாக்கு நிறைய வெறும் குழல்களும் கட்டைகளும், ஒரு டின்னில் கருமருந்து, இரண்டு பெட்டி பழைய தோட்டா, சுவரில் ஒரு மிளா மான் கொம்பு. எல்லாம் அரங்கு வீடு என்கிற உள்ளறைக்குள். நெல் மூட்டை அடுக்கின இடத்தில் இப்போது கால் வைக்க இடமில்லை. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான். ஒரு தடவை இந்த அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கியிருக்கிறார். விடுமுறைக்குப் பேரன் வரும்போது மட்டும் இவருக்கு உறக்கமே வருவதில்லை.

பெங்களூரில் இருக்கிற மகன், ‘நூறு வருஷம் தாண்டினதுக்கு லைசென்ஸ் வேண்டாம்மா, யூடியூப்ல பாத்தேன்’ என்கிறான். பிறகு அவனே ஒரு நாள், ‘பேசாம ஒரு ராத்திரி ஆத்துல போட்டுருவோம்’ என்றும் சொல்லியிருக்கிறான். கொச்சியிலிருந்து ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிக்கொள்வதாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். ‘வக்கீல் அண்ணாச்சி, இது ஒரு பொழுதுபோக்குதானே, இதுல என்ன தப்பு இருக்குன்னு கேக்காக. நாளைக்கு ஒண்ணுன்னா எம்மேலயும் கேஸ் வருமா? இதுல ஒரு சாமானைத் தொட்டாலும் நான் இருக்க மாட்டேன்னு போன வாரம் சொல்லிட்டாக’ என்று முடிகிறது கடிதம்.

தங்கச்சி, கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சட்டம் அதற்கு அப்புறம்தான்.

‘நான் இருக்க மாட்டேன்’ என்பதைக் கோபத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். வீட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றாக இருக்கும்போது அந்தச் சொல்லைச் சும்மா விட்டுவிடக் கூடாது. இந்த மாதிரி எண்ணம் வரும் நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அதைக் கடந்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். கையில் துப்பாக்கி இருந்தால் அந்தக் கொஞ்ச நேரமும் கிடைக்காது. ஆகவே முதல் வேலையாக, அவர் மதிக்கிற ஒருவரை, அண்ணனோ மச்சினனோ பழைய கூட்டாளியோ, வரச் சொல்லி அவரைத் தனியாக விடாமல் பேசச் சொல்லுங்கள். தோட்டா இரண்டு பெட்டியையும் அவர் கையாலேயே எடுத்து வேறு பீரோவில் பூட்டிச் சாவியை உங்களிடம் தரச் சொல்லுங்கள். அவரிடம் நேராகக் கேட்கலாம், ‘சாகணும்னு தோணுதா?’ என்று. கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நிலைமை கையை மீறினால் 112. அப்போது கேஸ் வருமே என்று யோசிக்காதீர்கள், உயிர் முந்தி.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நூறு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது

மகன் பொய் சொல்லவில்லை, வேறு ஊர்ச் சட்டத்தை நம்ம ஊருக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1968-ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டப்படி 1898-ம் அதற்கு முன்பும் செய்த துப்பாக்கிகளை மத்தியச் சட்டம் பழம்பொருளாகத் தள்ளிவைக்கிறது. ஐம்பது வருஷம் தாண்டியவற்றைச் சேகரிப்பதற்கென்றே அங்கே தனி லைசென்ஸும் உண்டு. ஆயுதம் வைத்திருப்பது அங்கே அரசமைப்பு கொடுத்த உரிமை. அங்கிருக்கிறவர்கள் சுவர் முழுக்க மாட்டிவைத்து வீடியோ போடுகிறார்கள். நம் நாட்டில் துப்பாக்கி உரிமை கிடையாது, அரசு பார்த்துக் கொடுக்கிற அனுமதி மட்டும்தான். நம் ஊரிலும் நூறு வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஆனால் அது 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின் கணக்கு. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்பதற்குத்தான் அது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நமக்குப் பொருந்துவது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 45-ஆவது பிரிவு. பழைய மாடலாகவோ, தொன்மை மதிப்பு உள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. ‘ரிப்பேர் செய்தாலும்’ என்பதுதான் முக்கியம். குதிரை என்கிற சுத்தியல் பாகம் ஒடிந்திருக்கிறது, ஸ்பிரிங் போய்விட்டது, கட்டை உளுத்துவிட்டது என்பதெல்லாம் ஒரு கொல்லர் அரை நாளில் சரிபண்ணக்கூடியவை. அப்படியானால் அது சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கிதான். குழல் வெடித்துப் பிளந்து, எந்தப் பட்டறையிலும் சேர்க்க முடியாத நிலையில் இருந்தால் விலக்கு கிடைக்கலாம். அதையும் நீங்களோ நானோ முடிவு பண்ண முடியாது, காவல் துறையின் ஆயுத நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவர் இரண்டு நாட்டுத் துப்பாக்கியைக் காட்டிக் கட்டபொம்மன் காலத்தது என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நம் சீமையில் பழைய துப்பாக்கி விற்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது 1799-ல். அந்தக் காலத்துத் துப்பாக்கி எரிகிற திரியாலோ சக்கிமுக்கிக் கல் பொறியாலோ வெடிக்கும். குழலின் அடியில் முலைக்காம்பு மாதிரி சின்னதாக ஒரு முனை இருந்து, அதன்மேல் பொறி மருந்து உள்ள சின்ன ‘கேப்’ ஒன்றை வைத்துக் குதிரை வந்து அடிக்கிற அமைப்பு 1820-களுக்கு அப்புறம்தான் பரவலாக வந்தது. இவருடைய துப்பாக்கியில் அந்த முனை இருந்தால் அது பாளையக்காரர் காலத்தது ஆக முடியாது. அதே அமைப்பில் கிராமத்துக் கொல்லர்கள் நம் காலம் வரைக்கும் திருட்டுத்தனமாகச் செய்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கியோடு ஆள் சிக்கியதாகப் பேப்பரில் வருவது பெரும்பாலும் இந்த வகைதான். இருநூறு வருஷம் என்று அவர் நம்புவது ஒரு முப்பது நாற்பது வருஷச் சரக்காகக்கூட இருக்கலாம். இதை அவரிடம் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. விற்றவர் வாய்வார்த்தையை நம்பி நாளைக்குக் கோர்ட்டில் நிற்க முடியாது, அதற்காகத்தான்.

மாமனார் லைசென்ஸ் மாமனாரோடு போய்விட்டது

இதைப் பலரும் நிலப் பட்டா மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், அப்பா பெயரில் இருந்தால் பிள்ளைக்குத்தானே என்று. லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது. ஆள் போன அன்றே அது முடிந்தது. 21-ஆவது பிரிவுப்படி, எந்தக் காரணத்தாலோ வைத்திருப்பது சட்டப்படியாக இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதம் செய்யாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் பொருள் போய்விடாது. விதித்த காலத்துக்குள் வாரிசு லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனி வழியே இருக்கிறது. மனைவி, மகன், மகள், மருமகள், மருமகன், உடன்பிறந்தார் யாரும் விண்ணப்பிக்கலாம், மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மாமனாருக்கு 70 வயது ஆனபோதே, உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்திருக்கலாம். இந்த விஷயம் தெரியாமல் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் செத்துப்போனவர் பெயரில் துப்பாக்கி கிடக்கிறது, எனக்கு இது உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் மாமனார் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தத் துப்பாக்கி இருப்பது ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று உங்கள் கணவர் நினைப்பது சரியில்லை, இன்னும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்றால், 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு. அதற்கு முன்பு மூன்று. வாரிசாக வருவதும் இந்த இரண்டுக்குள்ளேதான் அடங்க வேண்டும். ஏர் கன்னில் பாயிண்ட் 177 அங்குலக் குழலுக்குள்ளும் 20 ஜூல் விசைக்குள்ளும் உள்ளதற்கு லைசென்ஸ் தேவையில்லை, அதற்கு மேலே போனால் தேவை. அவர் வைத்திருக்கிற நாலில் எது எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குத் தண்டனை இப்போது குறைந்தது 2 வருஷம், அதிகம் 5 வருஷம், அபராதம் வேறு. ஸ்டேஷனிலேயே ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற வழக்கு அல்ல. போதிய தனிக் காரணம் இருந்தால் நீதிமன்றம் 2 வருஷத்துக்குக் குறைவாகவும் கொடுக்கலாம், தாமாக முன்வந்து ஒப்படைத்ததை அங்கே ஒரு காரணமாக வைத்து வாதாட முடியும். கொச்சிக்காரருக்கு விற்கிற யோசனையை இந்த நிமிஷமே விட்டுவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி விற்றால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். பட்டறையில் கொடுத்துச் சரிபண்ணச் சொல்வதும் ஆபத்தான வேலை, கொல்லரையும் சேர்த்து இழுத்துவிடும்.

உங்கள் மேல் வழக்கு வருமா

‘அவுக சாமான், எனக்கென்ன’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 35-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பல பேர் சேர்ந்து குடியிருக்கிற வீட்டில் ஆயுதம் கிடைத்தால், அது இருப்பது தெரிந்திருந்ததாக நம்பக் காரணம் உள்ள ஒவ்வொருவரும் பொறுப்பு, இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவி அவரிடம், உங்களுக்கு அதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பது உங்களுக்கு நல்ல வாதம்தான், ஆனால் அது வழக்கு வந்த பிறகு சொல்கிற வாதம். பெங்களூரில் இருக்கிற மகனுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் அவர் ஒரு ராத்திரி காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனால் அவர்தான் முதல் குற்றவாளி, வைத்திருந்த குற்றத்தோடு சாட்சியத்தை அழித்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். கோடையில் தாமிரபரணியில் தண்ணீர் வற்றும்போது மணல் மேட்டில் அதை எடுப்பது யாரோ ஒரு சின்னப் பையனாக இருக்கும்.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறீர்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்து ஆயுதம் வைத்திருப்பவர் வனத் துறையிலும் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். ஆகவே வாரிசு லைசென்ஸ் கேட்டாலும் மற்ற ஊரைவிடக் கூடுதல் நாள் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஒரு மிளாவோ பன்றியோ சுடப்பட்டால், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருக்கிற வீட்டின் மேல்தான் முதல் சந்தேகம் விழும். உங்கள் கணவர் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். சுவரில் அந்தக் கொம்பு தொங்கும்போது வனத் துறையும் நம்ப வேண்டுமே. வனத் துறையின் உரிமைச் சான்று இல்லாவிட்டால் கொம்பு தனி வழக்கு. அதையும் பட்டியலில் சேருங்கள்.

கருமருந்தும் பழைய தோட்டாவும்

பேரன் வருவதாக எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்சிக்காரர் ஒருவரின் வீட்டுத் தார்சாவில் வெகு வருஷமாக அலங்காரத்துக்கு மாட்டியிருந்த ஒரு நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்தோம். காவல் துறையின் ஆயுத நிபுணரான ஆர்மரர் வந்து, மருந்து கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்கு வெளியே வைத்து அளந்து பார்த்தார், அப்புறம் உள்ளே விட்டார். அடிவரைக்கும் போக வேண்டிய கம்பி நாலு விரல்கடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. உள்ளே மருந்து, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் பால்ரஸ் குண்டுகள், யாரோ எந்தக் காலத்திலோ கெட்டித்துவிட்டு மறந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைக் கீழே எடுத்துக் கள்ளன் போலீஸ் விளையாடியிருக்கிறார்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வீரியம் போகாது. ஒரு பொறி போதும்.

உங்கள் வீட்டில் அப்படி ஏழு இருக்கிறது. எதையும் நீங்கள் எடுத்துப் பார்க்காதீர்கள், கம்பி விட்டு அளக்கவும் வேண்டாம். டின்னைத் திறக்காதீர்கள், வேறு இடத்துக்கு நகர்த்தவும் வேண்டாம். அரங்கு வீட்டுக்குள் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. பழைய அட்டைத் தோட்டா ஈரத்தில் ஊதிப்போய், பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதை வெயிலில் காயவைத்துச் சரிபண்ணலாம் என்று அவர் நினைத்தால் தடுத்துவிடுங்கள். மாமனாரின் இரட்டைக் குழலும் எந்தக் காலத்தது என்று தெரியாமல் இன்றைய தோட்டாவைப் போட்டுப் பார்க்கக் கூடாது, கருமருந்துக்கு என்று செய்த பழைய குழல் இன்றைய மருந்தின் அழுத்தம் தாங்காமல் கையிலேயே வெடித்திருக்கிறது. பேரன் இந்த விடுமுறைக்கு அந்த வீட்டுக்கு வர வேண்டாம், நீங்கள் பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பொழுதுபோக்கு எங்கே முடிகிறது

உங்கள் கணவரின் கேள்வி நியாயமான கேள்வி. பழைய துப்பாக்கியின் மேல் ஆசை வருவது தப்பே இல்லை. குழல் செய்த விதம், கட்டையில் போட்ட வேலைப்பாடு, அதைப் பிடித்த கைகளின் கதை என்று ரசிக்க நிறைய இருக்கிறது. பாளையக்காரர் போர் முடிந்து 1801-ல் கும்பினியார் அறிக்கை போட்டு ஆயுதத்தைப் பறித்த மண் இது, 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் ஒரு பிரவுனிங் பிஸ்டல் வெடித்த மண். இங்கே பிறந்த ஒருவருக்கு அந்தச் சாமான்களின் மேல் ஈர்ப்பு இருப்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் சேகரிக்கிறவர் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுவார். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கும். யாராவது பார்க்க வந்தால் சந்தோஷமாகக் காட்டுவார். நல்லது ஒன்று கிடைத்தால் சுமாரானதைக் கொடுத்துவிடுவார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும், சட்டம் தளர்வாக இருக்கிற இடத்திலேயே, பூட்டு, பதிவேடு, ரசீது என்று கறாராக இருப்பார்கள், அதுதான் அவர்கள் பெருமை. உங்கள் வீட்டில் நடப்பது வேறாக இருக்கிறது. ஒடிந்த குழலையும் விட மனசில்லை. அறையை அறையாகப் புழங்க முடியவில்லை. மனைவிக்குக்கூடக் காட்டுவதில்லை. நகை அடகுக்குப் போகிறது. ஒன்றைத் தொட்டால் சாவேன் என்கிறார். பொருளின் மதிப்பு என்னவாக இருந்தாலும் கழிக்க முடியாத தவிப்பு, அதனால் வீடு புழங்க முடியாமல் அடைவது, குடும்பத்துக்கு வேதனை, இவை சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் அதைக் குவிப்பு நோய் என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013-ல் அதைத் தனி நோயாகவே சேர்த்தது. வயது ஏற ஏற இது முற்றும். பிரிவு, இழப்புக்குப் பிறகு தலைதூக்குவதும் உண்டு.

நான் மருத்துவன் இல்லை, உங்கள் கணவருக்கு அதுதான் என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் தேதிகளைப் பாருங்கள். 2018-ல் அப்பா போனார், அடுத்து வேலை ஓய்வு, மகன் வெளியூர். அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அவர் பூட்டி வைத்திருப்பதில் அப்பாவும் கொஞ்சம் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் சொல்கிறேன், அவர் வெளியே போன நேரம் பார்த்து அள்ளிப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். இந்த நிலையில் இருப்பவருக்கு அப்படிச் செய்தால் நம்பிக்கை போய், முன்னைவிடத் தீவிரமாகத் திரும்பச் சேர்க்க ஆரம்பிப்பார்கள். பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, மெதுவாக, ஒவ்வொரு பொருளாக முடிவெடுக்கப் பழக்குவார்கள். பலன் தருகிறது.

அவரோடு பேசும்போது ‘எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க’ என்று தொடங்காதீர்கள். ‘மாமாவோட துப்பாக்கியை உங்க பேருக்கு முறையா மாத்தணும், வக்கீலைப் பாப்போம்’ என்று தொடங்குங்கள். அவர் இழக்க விரும்பாத ஒன்றைக் காப்பாற்றுகிற பேச்சாக இருந்தால் காது கொடுப்பார். அது உண்மையும்கூட. அந்த ஒன்றை அவர் பெயரில் கொண்டுவர நியாயமான வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மற்றவை லைசென்ஸ் இல்லாமல் அரங்கில் கிடந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

என்ன செய்யலாம்

சும்மா இருப்பதும் ஒரு வழிதான், ஆனால் மேலே சொன்ன அத்தனை ஆபத்தும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். இதைத் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதற்குத் தகுந்த காரணம் வேண்டும் என்று சட்டத்தில் 36-ஆவது பிரிவும் இருக்கிறது. நான் சொல்லும் வழி, வழக்கறிஞர் மூலமாக எழுத்தில் முதலில் தெரிவித்துவிட்டு ஒப்படைப்பது. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரே நாளில் மனுப் போய்ச் சேர வேண்டும், ஒப்புகை வாங்க வேண்டும். வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது, வழியில் சோதனையில் நிறுத்தினால் நீங்கள் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதை யாரும் நம்ப வேண்டிய அவசியமில்லை. ஆர்மரரை வீட்டுக்கு அனுப்பக் கேட்போம், மருந்தும் தோட்டாவும் இருப்பதை மனுவிலேயே சொல்லிவிடுவோம்.

வழக்கே வராது என்று நான் உறுதி தர முடியாது, யார் தந்தாலும் நம்பாதீர்கள். மாமனாரின் துப்பாக்கிக்கு 21-ஆவது பிரிவின் வழி இருக்கிறது. பேப்பர் இல்லாமல் வாங்கியவற்றுக்கு அப்படி நேரடி வழி இல்லை. ஆனால் தாமாக ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை என்று காவல் துறையும் வனத் துறையும் மலையடிவார ஊர்களில் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கு நடத்த 39-ஆவது பிரிவுப்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அந்த மேஜையில் நம் மனு முதலில் இருப்பதும், சோதனையில் பிடிபட்ட அறிக்கை முதலில் இருப்பதும் ஒன்றல்ல. ஒற்றைக் குழலை விற்றவரின் பெயரும் வெளியே வரும் என்பதை உங்கள் கணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருக்கு அதுதான் பெரிய தயக்கமாக இருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு அவர் ஆசையை மூட்டை கட்ட வேண்டியதில்லை. லைசென்ஸோடு ஒன்றோ இரண்டோ வைத்துக்கொள்ளலாம். சுட ஆசை இருந்தால் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினர் ஆகலாம். நிஜமாகவே பழையது என்று நிபுணர் சொல்கிற பொருள் ஏதாவது தேறினால், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று அதிகாரிகளிடமே கேட்போம். நாட்டுத் துப்பாக்கிகளின் கதையை, எந்த வீட்டுக்காரர் என்ன சொல்லி விற்றார் என்பதை, நினைவிலிருந்து எழுதி வைக்கலாம். அந்த நோட்டு அவரிடமே இருக்கும்.

நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பாருங்கள், நான்தான் என்று இல்லை, ஆயுதச் சட்ட வழக்கு நடத்திப் பழகியவராக இருக்க வேண்டும். அவரிடம் நீங்கள் சொல்வது வெளியே போகாது, ஆகவே எதையும் மறைக்காதீர்கள். போகும்போது மாமனாரின் பழைய லைசென்ஸ் புத்தகம், தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் கொடுத்த ரசீதுகள், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, உங்கள் இருவர் ஆதார் இவற்றைக் கொண்டு போங்கள். அரங்கு வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று உங்கள் கணவர் கைப்பட ஒரு பட்டியல், வக்கீலுக்கு மட்டும் என்று எழுதி, தெரிந்தவரைக்கும் எந்த வருஷம் வாங்கியது என்ற குறிப்போடு இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். துப்பாக்கி எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மாதிரிக்கு என்று ஒரு தோட்டாகூட வேண்டாம்.